படிகள் பலவும் மூலம் ஒன்றும்

ஏட்டுச் சுவடிகளைக் கையாண்ட நம் முன்னோர்க்கு ஒரு துன்பம் இருந்தது. ஒருவர் ஒரு நூலைப் படியெடுப்பார். அப்படியைப் பார்த்து வேறோர் ஊரில் மற்றொருவர் எழுதுவார். அதனைப் பார்த்து மூன்றாமவர் எழுதுவார். ஒவ்வொரு கையிலும் ஓரெழுத்து மாறும். ஒரு சீர் நழுவும். தமக்கு விளங்காத சொல்லை நீக்கி விளங்கிய சொல்லைப் பெய்து வைப்பாரும் உளர். நூறாண்டு கழிந்தபின் பத்து ஊர்களிற் பத்துச் சுவடிகள் இருக்கும். பத்தும் ஒரே நூல் என்பர். பத்தும் வேறு வேறாக இருக்கும். தமிழ் பயிலும் மாணவர்க்கு இது புதிய செய்தியன்று.

அதே துன்பம் இக்காலத்துக் கணினி நிரல்களுக்கும் உண்டு என்பதும், அதனைத் தீர்க்கும் வழி நம் பதிப்பாசிரியர்கள் கண்ட வழியோடு பெரிதும் ஒத்தது என்பதும் ஈண்டு யான் கூறப் புகுந்த பொருள். கணினித் துறை நண்பர்கள், ‘தமிழ் படிப்பவனுக்கு இங்கே என்ன வேலை?’ என்று வினவுதல் கூடும். ‘தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று விடுமுறைதோறும் உறவினர் வினவும் வினாவினும் அது கொடியதன்று. இரண்டிற்கும் விடை எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருவதிகை. கெடில நதிக்கரையில், பண்ருட்டியை ஒட்டியது. நாவுக்கரசரும் அவர் தமக்கையார் திலகவதியாரும் வாழ்ந்த வரலாற்றால் தமிழுலகம் அறிந்த ஊர். இக்காலத்தில் இப்பக்கத்தை வெளியூரார் அறிவது பலாவாலும் முந்திரியாலுமே. என் தமையனார் பண்ருட்டியில் ஒரு சிறு கணினிக் கடை வைத்திருக்கிறார். 2014ஆம் ஆண்டில் ஒரு முந்திரி மண்டிக்காரர் கேட்டுக்கொண்டபடி, கொள்முதற் பட்டியல் போடுதற்கு அவர் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். விசுவல் பேசிக் என்னும் மொழியில் எழுதப்பெற்றது. நன்றாகவே இயங்கிற்று. அதனைக் கண்ட அடுத்த மண்டிக்காரர் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். தமையனார் முதல் நிரலைப் படியெடுத்து, பெயரை மாற்றி, அவர் கேட்ட இரண்டொரு மாற்றங்களைச் செய்து கொடுத்தார். மூன்றாமவர்க்கு இரண்டாம் படியினின்று ஒரு படி. நான்காமவர்க்கு முதற் படியினின்று ஒரு படி. இவ்வாறு 2017ஆம் ஆண்டளவில் ஒன்பது படிகள் ஆயின. அவருடைய கணினியில் ‘புதியது’, ‘புதியது இறுதி’, ‘இறுதியில் இறுதி’ என்று கோப்புறைகளின் பெயர்கள் வளர்ந்தன. சுவடி எழுதிய பெரியோர்கூட ஏட்டின் இறுதியில் நாளும் பெயரும் எழுதி வைத்தார்கள். எம் தமையனார் அதுவும் செய்திலர்.

படியெடுத்தல் தவறு என்று யான் கூறவில்லை. அவ்வாறு கூறுவோர் ஒரு நாளேனும் கடை நடத்தியவர் அல்லர். பங்குனியில் முந்திரி வரத்துத் தொடங்கிவிட்டால் மண்டிக்காரர் நாளைக்கே நிரல் வேண்டுமென்பார், இருப்பதைப் படியெடுத்து மாற்றித் தருவதே மிக விரைவான வழி, பொருட்செலவும் குறைவு. முதற்படியைத் திருத்தி எல்லார்க்கும் பொருந்துமாறு அமைக்கப் புகுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் முதல் மண்டியின் கணக்குக் கெட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டு. உலகெங்கும் பெரிய நிறுவனங்களும் இவ்வழியிலேயே தொடங்குகின்றன. துன்பம் பிறகே வருகின்றது.

எங்கட்கு அது இருமுறை வந்தது. முதலாவது, 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது. பழைய வரிக்கணக்கு முழுதும் மாறவேண்டும்; பொருள்தோறும் குறியீட்டெண் அச்சிட வேண்டும்; தமிழ்நாட்டிற்குள் விற்றால் வரி மத்தியம், மாநிலம் என இரு கூறாகவும், வெளியே விற்றால் ஒரே கூறாகவும் காட்டவேண்டும். கடலூரை அடுத்த புதுவை கூப்பிடு தொலைவேயாயினும் கணக்கில் அது வெளிமாநிலம். ஒரு மாற்றத்தை ஒன்பது இடங்களில், ஒன்பது விதமாக எழுதப்பட்ட வரிகளில், ஒன்பது முறை செய்தார். ஏறத்தாழ ஒரு மாதம் அவர் இரவில் உறங்கியதை யான் கண்டதில்லை.

இரண்டாவது துன்பம் ஓசையின்றி வந்தது. எண்ணுந்தோறும் என் மனத்தை உறுத்துவது அதுவே. ஒன்பதில் நான்கு படிகளில் முந்திரி உடைக்கும் பெண்டிர்க்குக் கூலி கணக்கிடும் பகுதி இருந்தது. உடைத்த பருப்பின் எடையைக் கிலோவும் கிராமுமாக எழுதுவர். கூலி கணக்கிடும் வரியில், எடையை முழு எண்ணாக மாற்றும்போது கிராம் விடுபட்டுப் போயிற்று. ஆறு கிலோ எழுநூறு கிராம் உடைத்தவளுக்கு ஆறு கிலோவிற்கே கூலி. 2018 தொடக்கத்தில் ஒரு மண்டியின் கணக்குப்பிள்ளை இதனைக் கண்டு சொன்னார். தமையனார் அன்றே அப்படியைத் திருத்தினார். மற்ற மூன்று படிகளிலும் அதே வரி இருப்பது அவர் நினைவிற்கு வரவில்லை. வரி மாற்றத்தின் அலைச்சலில் இருந்தவர்; அவர்மேற் குறை கூற எனக்கு வாயில்லை.

எங்கள் அத்தை அம்மூன்றில் ஓரிடத்தில் முந்திரி உடைத்துவந்தார். அவர் பள்ளியில் நெடுநாள் பயின்றவர் அல்லர். ஆயினும் நாட்காட்டித் தாளின் ஓரத்தில் நாள்தோறும் தம் எடையைக் குறித்துவைக்கும் வழக்கமுடையவர். அவ்வாண்டுத் தீபாவளி கழிந்த மறுவாரம் அத்தாள்களை ஒரு பையிற் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்து, “ஏம்ப்பா, நான் குறிச்சு வெச்சிருக்கிற கணக்கும் கையில வர்ற காசும் ஒத்து வரலியே, கொஞ்சம் பாரு” என்று தமையனாரிடம் கூறினார். தம் மருமகன் எழுதிய நிரலே தம் கூலியைக் குறைத்தது என்பது அவர்க்குத் தெரியாது. நாளொன்றுக்குச் சராசரி அரைக்கிலோ விடுபட்டது. கிலோவிற்கு 15 ரூபாய் கூலி. 26 நாளைக்கு 195 ரூபாய். மண்டிக்காரர்க்கு அது மறந்துபோகும் தொகை. அத்தைக்கு அது மாதத்திற்கு ஒரு முறை அடுப்பிற்கு வேண்டுவது. தமையனார் மூன்று மண்டிகளுக்கும் சென்று உண்மையைக் கூறினார். இருவர் நிலுவையைக் கணக்கிட்டுக் கொடுத்தனர். மூன்றாமவர், கணினி சொன்ன கணக்கை மனிதர் மாற்றலாகாது என்று கூறி மறுத்துவிட்டார். அன்று யான் ஏழாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். ஒரு சுவடியிற் கண்ட பிழை மற்றச் சுவடிகளிலும் இருக்கும் என்று தேடாமை எத்துணைப் பெரிய குற்றம் என்பதை யான் கற்றது வகுப்பறையிலன்று.

நிற்க. நம் பதிப்பாசிரியர்கள் என் செய்தனர் என்று பார்ப்போம். சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஒரு நல்ல சுவடியைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எறிந்துவிட்டாரல்லர். கிடைத்த சுவடிகளை எல்லாம் சேர்த்துவைத்து ஒப்புநோக்கினார். பொருந்தும் பாடத்தை மூலமாகக் கொண்டார். வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதமென்று அடிக்குறிப்பிற் காட்டினார். அவர் பிற்காலத்தில், 1924 முதல் 1927 வரை, நம் சிதம்பரத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைவராயிருந்தவர். அவர் வழியின் சிறப்பு யாதெனின், மூலம் ஒன்றாயிற்று. வேறுபாடு எதுவும் அழிந்துபோகவில்லை. எது எங்கே எவ்வாறு மாறுகின்றது என்பது கற்பார் கண்முன் நின்றது.

கணினி வல்லோர் இதனையே வேறு பெயரால் வழங்குகின்றனர். ஒன்றோடொன்று உறவுடைய நிரல்களைத் தனித்தனியாகக் கருதாது ஒரு குடும்பமாகக் கருதி, முதலிற் பொதுத்தன்மையை ஆராய்ந்து, அதன்பின் ஒவ்வொன்றின் தனித்தன்மையை ஆராய்தல் வேண்டுமென்று டேவிட் பார்னாஸ் என்பார் 1976ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மென்பொருட் பொறியியல் நிறுவனத்தார், ஒரு துறையின் நிரல்களுக்குப் பொதுவான கூறுகள் இவை, விருப்பத்திற்குரியன இவை, ஒன்றிருந்தால் மற்றொன்று இருக்கலாகாதன இவை என்று கிளை கிளையாக வரைந்து காட்டும் முறையை வெளியிட்டனர். இவ்வாறு பொது மூலம் ஒன்றும், மாறும் இடங்கள் சிலவும், அவ்விடங்களில் எதனைப் பொருத்துவதென்னும் தேர்வுப் பட்டியல் ஒன்றுமாக அமைந்த நிரற்றொகுதியை மென்பொருட் குடும்பம் என்று கூறலாம். முன்பிருந்த படிகளினின்று அம்மூலத்தைப் பிரித்தெடுப்பதே ஈண்டு நாம் பேசும் தொழில்.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க வேறு உதாரணம் தேடவேண்டுவதில்லை. நன்னூலைக் கையிலெடுத்தாற் போதும். பவணந்தியார் பொதுவிதியை ஓரிடத்தில் ஒருமுறை கூறுவார்; அதினின்று மாறுபடுவனவற்றிற்குச் சிறப்பு விதி கூறுவார்; கூறாது எஞ்சியனவற்றைக் கொள்ளுதற்குப் புறனடை வைப்பார். ஒவ்வொரு சொல்லிற்கும் தனித்தனியே புணர்ச்சி விதி எழுதியிருந்தால் நன்னூல் எத்தனை வண்டிப் பாரமாயிருக்கும்? எம் தமையனாரின் ஒன்பது கோப்புறைகளும் அத்தகைய பாரமே.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் ஊரடங்கு வந்தது. கடை மூடியிருந்தது, மண்டிகள் பாதி அடங்கிக் கிடந்தன. தமையனார் ஒன்பது படிகளையும் அச்சிட்டு வீட்டுத் தரையிற் பரப்பினார். யான் ஒரு படியை உரக்கப் படிப்பேன். அவர் மற்றொன்றைப் பார்த்து வருவார். மாறும் இடத்தில் நிறுத்துவோம். கணினியே இவ்வொப்புநோக்கைச் செய்யவல்லது, செய்யவும் செய்தோம். ஆயினும் எது மாறுகின்றது என்பதைத்தான் கணினி கூறும். ஏன் மாறுகின்றது என்பதை மனிதரே கூறவேண்டும். ஒரு பெரிய அட்டையில் மேலே ஒன்பது மண்டிகளும் பக்கத்தில் மாற்றங்களுமாகக் கட்டம் வரைந்து எழுதிவந்தோம். மொத்தம் 112 வேறுபாடுகள். அவற்றுள் 61 காரணமின்றி வந்தவை: எழுத்தின் நிறம், அச்சுத் தாளின் அகலம், ஒரே வேலைக்கு இருவேறு பெயர். 14 பிழைகள். எஞ்சிய 37 மட்டுமே மண்டிக்காரர் தொழிலால் நேர்ந்த உண்மையான வேறுபாடுகள்.

ஈண்டு ஒரு செய்தி கூறாது விடலாகாது. ஒரு மண்டியின் படியில் மட்டும் மூட்டைக்கு 80 கிலோ என்றிருக்க வேண்டிய இடத்தில் 81 என்றிருந்தது. எண் அடிப்பதில் நேர்ந்த பிழை என்று அதனைப் பதினைந்தாம் பிழையாக எழுதினோம். பின்னர் அம்மண்டியின் கணக்குப்பிள்ளை வந்து, சாக்கின் எடையைத் தனியே கழிக்காமல் மூட்டையோடு சேர்த்து நிறுப்பது தங்கள் வழக்கமென்றும், அந்த ஒரு கிலோ சாக்கிற்குரியதென்றும் விளக்கினார். பிழையை அழித்துச் சாக்கு எடை என்று வேறு வரிசையில் எழுதினோம். மேலே யான் கூறிய எண்கள் அத்திருத்தத்திற்குப் பின் வந்தவை. விளங்காத பாடமெல்லாம் பிழையான பாடமென்று துணிந்து திருத்துவோர் சுவடிப் பதிப்பிற் செய்யும் தீங்கு பெரிது. நிரலில் அது மறுநாளே ஒருவர் பணப்பையைத் தாக்கும். ஆதலின் பழைய நிரலைப் பயன்படுத்தியவரைக் கேளாமல் அதில் ஒரு வரியையும் பிழையென்று தள்ளலாகாது என்பது என் துணிபு. கணினிப் பொறியாளர் பலர்க்கு இது கசப்பாயிருக்கும்.

முப்பத்தேழு வேறுபாடுகளையும் மேலும் ஆராய, மண்டிக்காரரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் பதினொன்றாக அடங்கின. தரகு உண்டா, இல்லையா? மூட்டைக் கணக்கா, கிலோக் கணக்கா? உடைக்கும் கூலி உண்டா? பருப்பைத் தரம் பிரித்து விற்பதுண்டா? (ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு என்பதைக் கொண்டு 240, 320 என்று தரத்திற்கு எண் இடுவது இத்தொழிலின் வழக்கு.) வெளிமாநில விற்பனை உண்டா? இவற்றுள் ஒரு விடை மற்றொரு வினாவைத் தோற்றுவிக்கும். ஒரு விடை மற்றொரு வினாவை வேண்டாததாக்கும். கூலியில்லாத மண்டிக்குக் கிராமை எவ்வாறு கணக்கிடுவதென்ற வினாவே எழாது. கூலி கணக்கிடும் பகுதியோ இப்போது ஒன்றே, நான்கல்ல. அதில் ஒரு பிழை நேருமாயின் எல்லார்க்கும் ஒருங்கே நேரும் என்பதும் உண்மை. அதனால் அது விரைவில் வெளிப்படும். ஒருமுறை திருத்தினால் எல்லார்க்கும் திருந்தும்.

மாற்றத்தை ஒரே நாளிற் செய்தாரல்லர். இதனை அழுத்திக் கூற விரும்புகிறேன். ஏனெனில் பழையதை முழுதும் எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவோம் என்னும் பேச்சு இளைஞர்க்கு இனிமையானது. எனக்கும் இனிமையாகவே இருந்தது. முந்திரிப் பருவத்தில் மண்டி ஒருநாளும் நிற்க இயலாது. ஆதலின் பருவம் கழிந்த மாதங்களில், ஆண்டிற்கு ஒன்றோ இரண்டோ மண்டிகளாக மாற்றினார். மாற்றும் முன் அம்மண்டியின் பழைய பட்டியல்களை எடுத்துப் புதிய நிரலில் இட்டு, பைசா வரை ஒத்துவருகின்றதா என்று பார்த்தார். ஒத்துவராத இடத்தில், பழையது பிழையா புதியது பிழையா என்று கண்டறிந்த பின்னரே மேற்சென்றார். ஒன்பதில் ஏழு இப்போது ஒரே மூலத்தினின்று வருகின்றன. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் சரக்கு சேவை வரி விகிதங்கள் மீண்டும் மாறியபோது ஏழு மண்டிகட்கும் ஒரு மாலைப்பொழுது போதியதாயிற்று. மாறாத இரண்டிற்கும் நான்கு நாள் சென்றன.

ஒரு சிறு கடையின் கதையாயிற்றே என்று நினைப்போர்க்கு நீதிமன்றங்களின் கதையைக் காட்டலாம். 2004 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் மின்னணுக் குழு அமைக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டில் மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் முதற்கட்டம் தொடங்கிற்று. வழக்குகளைப் பதிவுசெய்யும் மென்பொருள் மாநிலந்தோறும் வேறு வேறு வடிவில் வழங்கிற்று. வேறுபாட்டிற்கு நியாயமும் இருந்தது. கடலூரில் அசல் வழக்கு என்று பதிவாகும் உரிமையியல் வழக்கு, மகாராட்டிரத்தில் வேறு பெயர் பெறும்; கல்கத்தாவிலும் பாட்னாவிலும் உரிமை வழக்கு என்னும் பொருளுடைய பெயரால் வழங்கும். ஒவ்வோர் உயர்நீதிமன்றத்திற்கும் தனித்தனி விதிகள் உள. அவ்விதிகளை எல்லாம் அழித்து ஒன்றாக்குதல் எவர்க்கும் இயலாத செயல், செய்யத்தக்கதும் அன்று.

அறிஞர்கள் கண்ட வழி யாதெனின், மென்பொருளை இரு பகுதியாகப் பகுத்தனர். நாடு முழுதிற்கும் பொதுவான பகுதியைத் தேசிய உட்கரு என்றும், அந்தந்த உயர்நீதிமன்றம் தன் வழக்கத்திற்கேற்ப அமைத்துக்கொள்ளும் பகுதியைப் புறவட்டம் என்றும் வைத்தனர். பூனாவிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தார் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அவ்வுட்கருவை ஆக்கினர். 2015ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தில் அது மாவட்ட நீதிமன்றங்களிற் பரவிற்று. இன்று கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு வழக்குப் பதிவானால் அதற்குப் பதினாறு குறிகள் கொண்ட எண் ஒன்று கிடைக்கின்றது: மாநிலத்திற்கு இரண்டெழுத்து, மாவட்டத்திற்கு இரண்டு, நீதிமன்றத்திற்கு இரண்டு, வழக்கிற்கு ஆறு, ஆண்டிற்கு நான்கு. அவ்வெண்ணைக் கொண்டு வழக்காளி தன் வழக்கு எந்நாளிற்கு ஒத்திவைக்கப்பெற்றது என்பதைக் கைப்பேசியிற் காணலாம். வாய்தா நாளை அறிதற்கே பேருந்தேறி நகரத்திற்குச் சென்று திரும்பிய உழவர்க்கு இது சிறு நன்மையன்று. மூன்றாம் கட்டத்திற்கு 2023ஆம் ஆண்டில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்றது. பணம் மிகுதியே, எனினும் இருபத்தைந்து உயர்நீதிமன்றங்களும் இருபத்தைந்து மூலங்களைத் தனித்தனியே பேணுமாயின் ஆகும் செலவை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுவீடன் நாட்டில் செல்சியஸ்டெக் என்னும் நிறுவனம் 1980களின் நடுவில் போர்க்கப்பல்களுக்கு மென்பொருள் ஆக்கும்போது, ஒரே காலத்தில் இருவேறு நாட்டுக் கப்பல்களுக்கு ஆக்கும் பொறுப்பு வந்தமையால் தனித்தனியே எழுத ஆளில்லாது இவ்வழிக்கு வந்தது என்பர். இத்துறையிற் பயில்வோர் முதலிற் கற்கும் வரலாறு அது. லினக்ஸ் கருவகமோ பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட தேர்வுகளைக் கொண்டு, கைப்பேசிக்கும் பெருங்கணினிக்கும் ஒரே மூலத்தினின்று வெவ்வேறு வடிவங்களைத் தருகின்றது. வறுமையும் நெருக்கடியும் இத்துறைக்கு ஆசிரியராயிருந்தன போலும்.

இனி, இக்கொள்கைக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. முதலாவது, எல்லார்க்கும் ஒரே வடிவம் என்று விதித்துவிட்டால் வேறுபாடு என்னும் தொல்லையே இராதே என்பது. சிலவிடங்களில் அதுவே சரி. தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டில் எழுத்துரு செய்தமையால், ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்திற் புள்ளியும் கோடுமாய்த் தோன்றிற்று. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரம் வகுத்தது; 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. ககரத்திற்கு ஒவ்வொருவர் ஒவ்வோர் எண் வைத்துக்கொள்வதால் எவர்க்கும் யாதொரு நன்மையும் இல்லை. ஆனால் மூட்டைக்கு எண்பது கிலோ என்பதற்கும் எண்பத்தொன்று என்பதற்கும் பின்னே மனிதரின் வழக்கம் இருக்கின்றது. சந்தையிற் கிடைக்கும் பொதுவான கணக்கு மென்பொருளை வாங்கிய மண்டிகளை யான் அறிவேன். வரிக்கணக்கை அது நன்றாகவே போடுகின்றது. சாக்கு எடையும் உடைக்கும் கூலியும் அதற்குத் தெரியாமையால், அவற்றிற்கு ஒரு கையெழுத்து ஏடு தனியே வைத்திருக்கிறார்கள். எந்த வேறுபாடு காரணமுடையது, எது காரணமற்றது என்று பிரித்தறியும் முன்னர் ஒருமை ஒருமை என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது, படிகள் இரண்டோ மூன்றோவாக இருக்கும்போது இத்துணை உழைப்பு வீண் என்பது. இது நியாயமான தடை. பொது மூலம் அமைப்பதற்கு முதலில் ஆகும் செலவு, ஒரு படி எடுப்பதினும் பன்மடங்கு. மூன்று நான்கு படிகள் வரையிற் படியெடுத்தலே சிக்கனம் என்று எம் தமையனாரும் கூறுவார். ஆயினும் முதற்படியை எடுக்கும்போதே, எதினின்று எடுத்தோம், எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மூன்று வரி எழுதிவைப்பதற்கு என்ன செலவு? அம்மூன்று வரி இருந்திருந்தால், 2018ஆம் ஆண்டில் ஒரு படியைத் திருத்தியபோது மற்ற மூன்றும் அவர் கண்முன் நின்றிருக்கும்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் கணினித் துறை மாணவர் தேர்விற்காக மென்பொருள்கள் ஆக்குகின்றனர். நூலகத்திற்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, வருகைப் பதிவிற்கு ஒன்று. மறு ஆண்டு வருவோர் முன்னோர் செய்ததைப் படியெடுத்து, பெயரையும் நிறத்தையும் மாற்றிக் காட்டி, மதிப்பெண் பெற்றுச் செல்கின்றனர். இதனை யாவரும் அறிவோம், யாவரும் கூறுவதில்லை. புதிதாக ஆக்கியதற்கு மதிப்பெண் உண்டு. ஐந்து ஆண்டுகளில் ஆகிய ஐந்து வருகைப்பதிவு நிரல்களை ஒப்புநோக்கி ஒரு மூலமாக்குவதற்கு மதிப்பெண் இல்லை. அதுவும் தேர்விற்குரிய பணியாகக் கொள்ளப்படல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். அப்பணியில் தமிழ்த் துறை மாணவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பாடவேறுபாடு நோக்குவதில் எங்கட்குப் பயிற்சி உண்டு. வழக்கத்திலுள்ளவர் பேச்சைக் கேட்டு எழுதுவதிலும் உண்டு. நிரல் எழுதுவதை அவர்கள் எங்கட்குக் கற்பிக்கட்டும். தேவாரச் சுவடிகள் தில்லையில் ஓர் அறையிற் பூட்டிக் கிடந்து, திறந்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்தது என்று மரபு கூறும். நம் ஆய்வகத்துப் பழைய கணினிகளில் இருப்பவற்றை இவ்வாண்டு ஒருமுறை திறந்து பார்த்தாலென்ன என்று துறைத்தலைவரைக் கேட்டிருக்கிறேன். விடுமுறைக்குப்பின் பார்ப்போம் என்றார்.

எங்கள் வீட்டில் அந்த அட்டை இன்னும் சுவரிற் சாய்ந்து நிற்கின்றது. இரண்டு நிரல்களில் மட்டும் கட்டங்கள் நிறைவுறாதிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, நிலுவை கொடுக்க மறுத்தவருடைய மண்டி. அவர் இன்னும் பழைய படியையே வைத்துக்கொண்டிருக்கிறார். கூலி வரியை மட்டும் தமையனார் 2018இலேயே திருத்திவிட்டார். மாசி பிறப்பதற்குள் அவரை மீண்டும் போய்ப் பார்க்கவேண்டும் என்று தமையனார் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை தம் நாட்காட்டித் தாள்களைத் தருகிறேன், எடுத்துச் செல் என்கிறார்.